பிழை சொல்பவர்க்குப் பரிசு

விஞ்ஞானக் காரியங்களுக்கென்று எழுதப்படும் மென்பொருளுக்கு ஒரு விசேஷமான அபாயம் உண்டு. ரயில் டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருள் தவறினால் பயணி அங்கேயே கூச்சல் போடுவார். சம்பளக் கணக்குப் போடும் மென்பொருள் நூறு ரூபாய் குறைத்துவிட்டால் மறுநாள் காலையில் குமாஸ்தாவின் மேஜையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஆனால் ஒரு புரதத்தின் வடிவத்தையோ, ஒரு நட்சத்திரத்தின் தூரத்தையோ கணித்துச் சொல்லும் மென்பொருள் தவறினால், சரியான விடை இதுதான் என்று முன்கூட்டி அறிந்தவர் எவரும் இல்லை. அறிந்தவர் இருந்தால் அந்த மென்பொருளுக்கே அவசியம் நேர்ந்திராது. தவறான விடையும் சரியான விடையைப் போலவே தசம ஸ்தானங்களெல்லாம் ஒழுங்காக அமைந்து, அதே கம்பீரத்துடன் திரையில் வந்து நிற்கும்.

இது வெறும் அச்சமன்று. உயிரணுவின் சவ்வில் பதிந்திருந்து உள்ளிருக்கும் பொருள்களை வெளியே கடத்தும் ஒருவகைப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுவிட்டதாக 2001ல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று 'சயன்ஸ்' பத்திரிகையில் அறிவித்தது. அதைப் பின்பற்றி மேலும் சில கட்டுரைகளும் வெளிவந்தன. 2006ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்து விஞ்ஞானிகள் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தின் வடிவத்தை வெளியிட்டபோது, இரண்டும் ஒன்றோடொன்று சற்றும் பொருந்தவில்லை. விசாரித்துப் பார்த்ததில், அமெரிக்கக் கூடத்தார் தங்கள் சொந்த உபயோகத்துக்காக வைத்திருந்த ஒரு சிறிய நிரலில் எண்களின் இரண்டு பத்திகள் இடம் மாறிக் கிடந்ததும், அதனால் புரதத்தின் வடிவமே இடம் வலமாகப் புரண்டுவிட்டதும் தெரிந்தன. ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவற்றில் மூன்று 'சயன்ஸ்' பத்திரிகையில் வந்தவை. அந்த ஐந்தாண்டுகளில் அவற்றை ஆதாரமாகக் கொண்டு வேலை செய்தவர்களின் காலமும் பொருளும் போனது தனிக் கணக்கு. அந்த ஆய்வாளர்களின் சாமர்த்தியத்திலோ சிரத்தையிலோ குறைவு இருந்ததாகத் தோன்றவில்லை. அவர்களுடைய நிரலை வேறொருவர் கையில் எடுத்து, வேறொரு காரியத்துக்குப் பிரயோகித்து, "இது ஏன் இப்படி வருகிறது?" என்று கேட்கும் சந்தர்ப்பம் மட்டுமே அமையவில்லை.

அப்படிக் கேட்பதற்கென்றே மனிதர்களைத் தேடி அழைக்கும் வழக்கம் மென்பொருள் உலகில் வெகுநாளாக இருந்து வருகிறது. முழுப் பக்குவம் அடையாத முற்பதிப்பைச் சிலரிடம் கொடுத்து, உபயோகித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி வேண்டுவது அதன் முறை. கணினிக்காரர்கள் அதைப் 'பீட்டா பதிப்பு' என்பார்கள். நம்முடைய புலவர்கள் நூலை அரங்கேற்றும்போது அவையடக்கம் பாடி, குற்றம் இருந்தால் பொறுத்துத் திருத்திக்கொள்ளும்படி சான்றோரை வேண்டிக்கொண்டது போன்றது இது என்று சொல்லலாம். ஆனால் அவையடக்கம் நாளடைவில் உபசாரமாகிப் போனதைப் போலவே, "தங்கள் மேலான கருத்துகளை வரவேற்கிறோம்" என்ற மென்பொருள்காரரின் வாசகமும் இன்று பெரும்பாலும் உபசாரமாகிவிட்டது. உண்மையான அழைப்புக்கும் உபசார அழைப்புக்கும் என்ன வித்தியாசம் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு, டொனால்ட் கனூத் என்ற அமெரிக்கக் கணித அறிஞரும் அவர் படைத்த 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளும் போல வேறொரு திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

கணினி நிரலாக்கக் கலையைப் பற்றிப் பல பாகங்கள் கொண்ட ஒரு பெருங்கிரந்தத்தைக் கனூத் எழுதி வந்தார். முதல் பாகம் 1968ல் வெளிவந்தது. அக்காலத்தில் ஈய எழுத்துக்களைக் கொண்டு கோக்கப்பட்ட அந்தப் பக்கங்கள் கண்ணுக்கு இனிமையாக இருந்தன. 1977ல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான புரூஃப் அவர் கைக்கு வந்தபோது, பதிப்பகத்தார் ஈயத்தை விட்டுப் புகைப்பட முறைக்கு மாறியிருந்தார்கள். எழுத்துகள் கோணியும், இடைவெளி சீர்கெட்டும், கணிதக் குறிகள் அவலட்சணமாகவும் இருந்தன. சாதாரண ஆசிரியர் பதிப்பகத்துக்கு ஒரு கோபக் கடிதம் எழுதி ஓய்ந்திருப்பார். கனூத்தோ, அச்சுக்கோப்பதும் கடைசியில் எண்களின் விவகாரம்தானே, அதற்கொரு மென்பொருளை நாமே எழுதிவிட்டால் என்ன என்று துணிந்தார். ஓராண்டு விடுப்பில் முடிந்துவிடும் என்று அவர் எண்ணிய வேலை ஏறத்தாழ ஒரு தசாப்தத்தை விழுங்கியது.

அந்தக் காலத்தை நீட்டியவற்றுள் முக்கியமானது அவர் தாமே வரவழைத்துக்கொண்ட விமர்சனம். முதல் விமர்சகரும் அவரே. 1978ல் மென்பொருள் ஓடத் தொடங்கியதும், தம் இரண்டாம் பாகத்தைத் தட்டச்சு செய்யும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்காமல் தாமே உட்கார்ந்து செய்தார். சில பக்கங்களுக்கு ஒருமுறை, 'இந்த இடத்தில் இப்படி ஒரு வசதி இருந்தால் நன்றாயிருக்கும்' என்ற யோசனை பிறந்தது. யோசனைகள் வருவது நின்றபோதுதான் மென்பொருள் ஓரளவு நிலைப்பட்டது என்று கொண்டார். எழுதுகிறவன் ஒருவன், உபயோகிக்கிறவன் வேறொருவன், உபயோகத்துக்கு வழிகாட்டி நூல் எழுதுகிறவன் மூன்றாமவன் என்று பிரித்துவிட்டால், மூவரில் ஒருவருக்கும் உண்மை தெரியாமல் போய்விடும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பின்பு ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் அவரைச் சுற்றியிருந்தவர்கள் உபயோகிக்கத் தொடங்கினார்கள். 1978 கோடையில் அங்கே வந்திருந்த கை ஸ்டீல் என்பவர் மென்பொருளை மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குக் கொண்டுபோனார். அமெரிக்கக் கணித சங்கத்தார் 1979ல் தங்கள் ஆட்களை ஸ்டான்ஃபோர்டுக்கே அனுப்பிக் கற்றுக்கொள்ளச் செய்தார்கள். இவ்வாறு வட்டம் விரியும்போதெல்லாம் வந்து சேர்ந்த குறைகளின் ஜாதியே மாறியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆசிரியர் ஒருவரே உபயோகித்தவரையில் அகப்பட்டவை பெரும்பாலும் கைத்தவறுகள். தெரிந்த நண்பர்கள் சிலர் உபயோகித்தபோது, அவர் ஒருநாளும் செய்யாத காரியங்களை அவர்கள் செய்ய முயன்றதால் குறைகள் வெளிப்பட்டன. முகமறியாத நூற்றுக்கணக்கானோர் உபயோகித்தபோதோ, அவருடைய பல்கலைக்கழகத்துக் கணினியிலும் அதைப் போன்ற வேறு சிலவற்றிலும் மட்டுமே ஓடக்கூடிய மொழியில் மென்பொருளை எழுதியிருந்ததே ஒரு குறையாகக் காட்சியளித்தது. அதன் பலனாக, 1980களின் தொடக்கத்தில் மென்பொருள் முழுவதையும் முதலிலிருந்து திரும்ப எழுதினார்.

வந்த குறைகளை என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய தனிச்சிறப்பு விளங்குகிறது. 1978 மார்ச்சில் சோதனை தொடங்கிய நாள்தொட்டு, திருத்திய ஒவ்வொன்றையும் வரிசை எண் இட்டு ஒரு பேரேட்டில் பதிந்து வந்தார். 1989ல் அந்தப் பேரேட்டை, 800க்கும் மேற்பட்ட பதிவுகளுடன், ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் அப்படியே பிரசுரித்தார். பிழைகளைப் பதினைந்து இனங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை அடையாளமாக வைத்திருக்கிறார். வழிமுறையே கோணலாய்ப் போனது ஓர் இனம். வழி சரி, எழுதும்போது புத்தி தடுமாறியது மற்றோர் இனம். செய்ய வேண்டியதைச் செய்ய மறந்தது இன்னொன்று. ஒரு பகுதியை எழுதும்போது வேறொரு பகுதியில் செய்திருந்த ஏற்பாடு நினைவிலிருந்து நழுவியது பிறிதொன்று. எழுதியவன் கனவிலும் எதிர்பாராத சூழ்நிலை நேர்ந்துவிட்டது வேறொன்று. கடைசியில் வெறும் எழுத்துப் பிழை. உபயோகிப்பவர்கள் கேட்டதனால் சேர்த்த வசதிகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. முதலிலேயே தோன்றாமற்போனதும் ஒரு பிழைதான் என்பது அவர் கணக்கு. உலகத்தில் பெரிய காரியம் செய்தவர்கள் சுயசரிதை எழுதுவதுண்டு. செய்த தவறுகளைத் தேதி வாரியாக எண்ணிட்டுப் பிரசுரித்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள்.

இனி, பிழை கண்டு சொன்னவர்களுக்கு அவர் அனுப்பிய புகழ்பெற்ற செக்குகளைப் பற்றி. தம் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்து முதலில் தெரிவிப்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் தருவதாகக் கனூத் அறிவித்திருந்தார். 256 என்பது பதினாறை அடியாகக் கொண்டு எண்ணும் கணினிக்காரர்களின் கணக்கில் ஒரு முழு நூறு. ஆகவே அது அவர்களுடைய 'ஒரு டாலர்' என்பது அதிலுள்ள வேடிக்கை. டெக் மென்பொருளின் பிழைக்கும் அதே தொகையில் தொடங்கி, ஆண்டுதோறும் அதை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், 327 டாலர் 68 சென்ட் என்ற இடத்தில் நிறுத்தினார். ஆண்டுக்காண்டு பரிசு இரட்டிக்கும் என்று அறிவிப்பவன், ஆண்டுக்காண்டு பிழைகள் பாதிக்கு மேல் குறைந்துவிடும் என்று தன் சொந்தப் பணத்தைப் பந்தயம் வைக்கிறான் என்றே அர்த்தம். செக் பெற்றவர்களில் பலர் அதை வங்கியில் கொடுத்து மாற்றவில்லை. கண்ணாடிச் சட்டமிட்டு அறையில் மாட்டிக்கொண்டார்கள். சிலர் அதைப் படமெடுத்து ஊரறியக் காட்டியதில் அவருடைய வங்கிக் கணக்கு எண் அயோக்கியர்கள் கையில் சிக்கவே, 2008 முதல் நிஜமான செக்குக்குப் பதிலாக, 'சான் செரிஃப்' என்னும் கற்பனைத் தீவுநாட்டின் வங்கிப் பெயரால் சான்றிதழ் வழங்கி வருகிறார். அந்தத் தீவுநாடும் 1977ல் ஒரு லண்டன் பத்திரிகை ஏப்ரல் முதல் தேதி விளையாட்டாகப் படைத்ததுதான்.

இதைப் பெரியவர் ஒருவரின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. மென்பொருளில் ஏதோ கோளாறு என்று தோன்றும்போது, அடக்கமுள்ள மனிதருக்கு முதலில் எழும் எண்ணம், 'நான்தான் எங்கோ தப்பாகக் கொடுத்திருக்கிறேன்' என்பதாகும். அதிலும் எழுதியவர் பிரசித்தி பெற்ற பேராசிரியர், உபயோகிப்பவர் ஆராய்ச்சி மாணவர் என்றால், அவர் வாயே திறக்கமாட்டார். பிழை சொன்னால் பணம் என்று அறிவித்தவுடனே, குறை கூறுவது மரியாதைக் குறைவாக இருந்த நிலை போய், அது ஒரு சேவையாகவும் சாமர்த்தியமாகவும் ஆகிவிடுகிறது. மேலும், தப்பு ஒவ்வொன்றும் தன் பையைக் கடிக்கும் என்று ஏற்பாடு செய்துகொண்டவன் அழைத்த அழைப்பில் உபசாரத்துக்கு இடமில்லை என்பது யாருக்கும் விளங்கும்.

பிறருக்கு வேலை வைப்பதற்கு முன் தாம் செய்ய வேண்டியதையும் அவர் விடவில்லை. மென்பொருளைச் சித்திரவதை செய்வதற்கென்றே ஒரு சோதனைக் கோப்பைத் தயாரித்தார். புத்தி சுவாதீனத்தில் உள்ள எந்த மனிதனும் ஒருநாளும் எழுதமாட்டாத கட்டளைகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நிரலின் மூலைமுடுக்குகளையெல்லாம் ஒருமுறையாவது மிதித்துப் பார்க்கும்படி அது அமைக்கப்பட்டது. அதை எழுதும்போது படைத்தவன் என்ற பாசத்தை அறவே விட்டு, தன் படைப்பை ஒழித்துக்கட்ட வந்த சத்துருவின் மனோபாவத்தை வருவித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றும் எந்தக் கணினியிலாவது டெக்கைப் புதிதாக அமைப்பவர், அந்தக் கோப்பைக் கொடுத்து எதிர்பார்த்த விடை வந்தாலன்றி அதற்கு அந்தப் பெயரை இட உரிமை பெறமாட்டார்.

அழைக்கப்பட்டவரின் கடமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "நேற்று உங்கள் மென்பொருளை ஓட்டினேன், சரியாக வரவில்லை, கவனிக்கவும்" என்று வரும் கடிதம் எழுதியவருக்கு மனச்சாந்தி தரலாம். பெற்றவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அனுபவமுள்ளவர் வேறு விதமாகச் செய்வார். இருநூறு பக்க ஆய்வேட்டில் ஒரு சமன்பாடு ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆய்வேட்டின் பாதியை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்; குறை அப்படியே இருக்கிறதா? மீதியிலும் பாதியை நீக்குவார். குறை மறைந்துவிட்டால், நீக்கியதைத் திரும்ப வைத்து மற்றப் பாதியை நீக்குவார். இப்படிக் குறைத்துக்கொண்டே வந்து, இனி ஒரு வரியை எடுத்தாலும் கோளாறு காணாமற்போய்விடும் என்ற நிலையில் நாலே வரிகள் எஞ்சும். அந்த நாலு வரியையும், அதற்கு வந்த விடையையும், தாம் எதிர்பார்த்த விடையையும், எந்தப் பதிப்பை எந்தக் கணினியில் ஓட்டினார் என்பதையும் எழுதி அனுப்புவார். இவ்வளவு செய்வதற்குள் பாதிப் பேருக்குக் கோளாறு தம்முடையதே என்று தெரிந்துவிடுகிறது. அதுவும் ஒரு லாபம்தான்.

ஆனால் எழுதியவர் கண்ணுக்கு ஒருகாலும் படாத குறை ஒன்றுண்டு. அதை எந்தச் சித்திரவதைச் சோதனையும் காட்டாது. டெக்கின் தொடக்கப் பதிப்புகள் 128 எழுத்துக் குறிகளை மட்டுமே ஏற்றுக்கொண்டன. ஆங்கிலத்துக்கு அது தாராளம். எழுத்துக்களின் தலையில் புள்ளியும் கோடும் இட்டு எழுதும் ஜெர்மன், பிரெஞ்சு, சுவீடிஷ் போன்ற மொழிகளுக்கு, எழுத்தைத் தனியாகவும் தலைக்குறியைத் தனியாகவும் அச்சிட்டு ஒட்டவைக்கும் ஏற்பாடு இருந்தது. பார்வைக்குக் குற்றமில்லை. ஆனால் வரி முடிவில் சொல்லை எங்கே பிரிப்பது என்று தீர்மானிக்கும் பகுதி, அப்படி ஒட்டுப்போட்ட எழுத்தைக் கண்டதும், அது ஒரு சொல்லின் நடுப்பகுதி என்பதை உணராமல் அங்கேயே நின்றுவிடும். சொல்லின் மீதியைப் பிரிக்காது. நீண்ட சொற்கள் மலிந்த ஜெர்மன் மொழியில் இதனால் வரிகள் எப்படிச் சீர்கெடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் ஒன்றிலேயே எழுதுகிறவர்கள் லட்சம் பேர் லட்சம் பக்கம் அச்சிட்டாலும் இது வெளிப்படாது. 1989ல் ஸ்டான்ஃபோர்டில் டெக் உபயோகிப்பாளர் மாநாடு கூடியபோது ஐரோப்பிய நண்பர்கள் இதை வற்புறுத்தினார்கள். மென்பொருளில் இனிப் பெரிய மாற்றம் செய்வதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்த கனூத், அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டு, 256 எழுத்துக் குறிகளையும் ஒரே சமயத்தில் பல மொழிகளின் சொற்பிரிப்பு விதிகளையும் ஏற்கும்படி திருத்தி எழுதினார். 1990ல் வெளியான மூன்றாம் பதிப்பு இதன் விளைவு. தன்னைப் போன்றவர்களையே சோதனைக்கு அழைக்கிறவன் தன் குரலின் எதிரொலியைத்தான் கேட்பான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் எழுதிய 'ஸீடெக்', 'லுவாடெக்' முதலியவற்றின் தயவால்தான், சென்னை அலுவலகங்களில் அயல்நாட்டு ஆய்விதழ்களை இரவு பகலாகக் கோத்துத் தரும் இளைஞர்கள், விரும்பினால் அதே முறையில் தமிழையும் கோக்க முடிகிறது.

அந்த மூன்றாம் பதிப்போடு கனூத் ஒரு கதவை அடைத்தார். புதிய வசதி எதுவும் இனிச் சேர்க்கப்படாது; நிஜமான பிழை மட்டுமே திருத்தப்படும்; யாருக்கேனும் வேறு வசதி வேண்டுமானால், வேறு பெயரில் வேறு மென்பொருள் எழுதிக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார். இது பலருக்கு வருத்தம் தந்தது. எனக்கு என்னவோ இந்த மறுப்பும் அழைப்பின் ஓர் அங்கமாகவே தோன்றுகிறது. கேட்டதையெல்லாம் செய்கிறேன் என்பவன் ஒன்றையும் ஒழுங்காகச் செய்வதில்லை. முப்பது வருஷத்துக்கு முன் கோத்த கட்டுரையை இன்று மீண்டும் ஓட்டினாலும் வரிக்கு வரி அதேபோல் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் விஞ்ஞானிக்கு, மாறாமை என்பதும் ஒரு வசதியே. கதவை அடைத்ததற்கு அடையாளமாகப் பதிப்பு எண்ணையும் விநோதமாக அமைத்தார்: ஒவ்வொரு திருத்தத்தின்போதும், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பையின் தசம ஸ்தானம் ஒன்று கூடும். 2014ல் 3.14159265 என்று இருந்தது 2021ல் 3.141592653 ஆயிற்று. தம் காலத்துக்குப் பிறகு பதிப்பு எண் பை என்றே நிரந்தரமாகிவிட வேண்டும், அப்போது எஞ்சியிருக்கும் பிழைகளெல்லாம் மென்பொருளின் லட்சணங்களாகவே கருதப்பட வேண்டும் என்பது அவர் எழுதி வைத்திருக்கும் ஏற்பாடு.

இத்தனைக்கும் 1990 ஜனவரி முதல் தேதியோடு மின்னஞ்சலைத் துறந்தவர் அவர். பிழை கண்டவர்களின் கடிதங்களை அமெரிக்கக் கணித சங்கத்தைச் சேர்ந்த பார்பரா பீட்டன் அம்மையார் வெகுகாலம் திரட்டி வந்தார். விஷயம் தெரிந்த தொண்டர்கள் சிலர் அவற்றைச் சோதித்து, பதரை நீக்கி, பழையதைத் திரும்பச் சொன்னதையும் நீக்கி, எஞ்சியவற்றைக் கட்டாகக் கட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவரிடம் சேர்ப்பிப்பார்கள். அவர் எல்லாவற்றையும் படித்து, பெரும்பாலும் வந்த காகிதத்தின் ஓரத்திலேயே பென்சிலால் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார். ஏற்கவில்லை என்றாலும் ஏன் ஏற்கவில்லை என்பது அதில் இருக்கும். இப்போது எழுத நினைப்பவர்கள், 1989ல் வெளியான பட்டியலையும் அதன் பின் சேர்ந்த பகுதிகளையும் முதலில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. தாம் கண்டதாக எண்ணும் பிழை அங்கே ஏற்கனவே தேதியோடும் எண்ணோடும் உட்கார்ந்திருந்தால், 327 டாலரும் 68 சென்ட்டும் கிடைக்காது.